சந்தைத் தோப்பில் மூணு ஞாயிறு: பழைய காசு தேடுறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

#1 சந்தைத்தோப்பு

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இதுதான் முதல் இழை. ஊர் கும்பகோணம் பக்கம், வேலை சென்னையில. போனஸ் காசுல ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிட்டேன். வீட்டுல யாருக்கும் விலையைச் சொல்லல.

எங்க ஊர்ல முன்னாடி மாட்டுச் சந்தை கூடின இலுப்பைத் தோப்பு ஒண்ணு இருக்கு. சின்ன வயசுல இருந்து ஓடி விளையாடின இடம், கண்ணை மூடிட்டு நடப்பேன். இப்ப அது எங்க பெரியப்பா பேர்ல இருக்குற பட்டா நிலம், அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இறங்கினேன். மூணு ஞாயிறு, தினம் நாலு மணி நேரம். வரவுக் கணக்கு: சரக்கு பாட்டில் மூடி 63, பாக்கு பாக்கெட் ஜிகினாத்தாள் எண்ணிக்கையே இல்லை, சைக்கிள் செயின் துண்டு 1, துரு புடிச்ச இரும்பு ஒரு வாளி, 1988 தேதி போட்ட இருபத்தஞ்சு பைசா 2.

எனக்கு முன்னாடியே யாராவது வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்களா? இல்ல நான் நிக்கிற இடமே தப்பா?

#2 வெட்டி_ஆபீசர்

63 மூடியா? ஊர்ல குடி வளர்ந்த வரலாற்றையே தோண்டி எடுத்துட்டீங்க. புதையல் ஏதும் கெடச்சா மறந்துடாதீங்க தல, வாழ்த்து சொன்னதுல நான்தான் முதல் ஆள்.

#3 களிம்பு

தம்பி, அந்த வாளி இரும்பைத் தூக்கி எறிஞ்சிட்டீங்களா? அதுலதான் உங்க கேள்விக்குப் பதில் இருக்கு. அதுல அரைப் பிறை மாதிரி தட்டையான தகடு, ஓரத்துல சின்னச் சின்ன ஓட்டையோட இருந்துதா? அது மாட்டு லாடம். மாட்டுக்குக் குளம்பு பிளந்து இருக்கிறதால ஒரு காலுக்கே ரெண்டு தகடு அடிப்பாங்க. லாட ஆணி நிறையக் கிடைக்கிற இடம் சந்தை கூடின இடமேதான். நீங்க சரியான இடத்துலதான் நிக்கிறீங்க, மிஷினைத்தான் தப்பா வச்சிருக்கீங்க.

புதுசா வாங்குறவங்க எல்லாரும் செய்யுறதுதான் இது. மிஷின் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு நம்பர் காட்டும்ல, ஜிகினாத்தாள் தொல்லை தாங்காம அதோட நம்பரை எல்லாம் சத்தமே வராதபடி அடைச்சு வச்சிடுவாங்க. வளைஞ்சு வளைஞ்சு ஓரம் இருக்குற ஓரணா, சதுரமான ரெண்டணா எல்லாம் செம்பும் நிக்கலும் கலந்த காசு. மின்சாரம் அதுல அவ்வளவு நல்லா ஓடாது. அதனால மிஷின் அதுக்குக் காட்டுற நம்பரும் ஜிகினாத்தாளை ஒட்டியேதான் வரும். தாளை அடைச்சா ஓரணாவையும் சேர்த்து அடைச்சீங்கன்னு அர்த்தம். செம்புக் காலணாவும் வெள்ளி ரூபாயும் மேல் நம்பர்ல, நல்ல கணீர்னு கேட்கும்.

இன்னொண்ணு, இரும்புக்குப் பக்கத்துல காசு கிடந்தா இரும்போட உறுமல் காசை முழுங்கிடும். பெரிய காயில் (கம்பி நுனியில இருக்குற வட்டம்) போட்டு வீசி வீசி நடந்தா ஒரே நேரத்துல ரெண்டும் அதுக்குக் கீழ வந்துடும். சின்னக் காயில் மாட்டிக்கிட்டு மெதுவா, ஒரு பக்கம் முடிச்சுட்டு அதே இடத்தைக் குறுக்கு வாட்டத்துல ஒரு தடவை நடங்க. கோடையில காய்ஞ்ச களிமண்ணை விட, மழை பெஞ்சு ரெண்டு மூணு நாள் கழிச்சுக் கொஞ்சம் ஈரம் இருக்குறப்பதான் சத்தம் தெளிவா வரும். ஒரு சாண் ஆழத்துக்கு மேல காசு கேட்கும்னு கடைக்காரர் சொல்லியிருந்தா நம்பாதீங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி, ஊர்ல எண்பது வயசு தாண்டின யாரையாவது கையைப் புடிச்சு தோப்புக்குக் கூட்டிட்டுப் போங்க. யார் எங்க கடை போட்டாங்கன்னு கேளுங்க. காசு தோப்பு முழுக்க விழாது, கை மாறின இடத்துல விழும்.

#4 கல்வெட்டுப்பித்தன்

நடுவுல பேசுறதுக்கு மன்னிக்கணும். இது எனக்குப் பிடிக்கல. இங்கிலாந்துக் காணொளிகளைப் பார்த்துட்டு ஆளாளுக்கு மிஷினோட கிளம்பிட்டா என்ன மிஞ்சும்? ஒரு காசை மண்ணுல இருந்து பிடுங்கின அடுத்த நிமிஷம் அது வெறும் செம்புத் துண்டு. எந்த அடுக்குல, எந்தப் பானை ஓட்டோட கிடந்துச்சுங்கிறதுதான் வரலாறு.

சட்டமும் இருக்கு. 1878 இந்தியப் புதையல் சட்டம் இன்னும் செல்லும். மண்ணுல மறைஞ்சு கிடந்து எடுத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினா மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துல தெரிவிக்கணும். தெரிவிக்காம வச்சிருந்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பக்கம் மண்வெட்டியைத் தூக்கிட்டே போகக் கூடாது. கோயில் நிலம், புறம்போக்கு, ஏரிக்கரை எதுவுமே உங்க அப்பா வீட்டுச் சொத்து இல்ல.

#5 வெட்டி_ஆபீசர்

1878ல பத்து ரூபாய்னா ஒரு குடும்பம் ரெண்டு மாசம் சாப்பிடும். இப்ப பத்து ரூபாய்க்கு ஒரு டீ வராது. சட்டத்தை எழுதினவர் டீ குடிச்சதில்ல போல.

#6 சந்தைத்தோப்பு

பித்தன் சார், நீங்க சொல்றது புரியுது. பட்டா நிலம், அனுமதி வாங்கிட்டுத்தான் இறங்கினேன். கோயில் பக்கம் போக மாட்டேன், சத்தியம்.

களிம்பு ஐயா, வாளியைப் போய்ப் பார்த்தேன். லாடம்தான், பதினொண்ணு! ரெண்டுல ஆணியும் அப்படியே ஒட்டிட்டிருக்கு.

நேத்து ஒரு கூத்து. தலையில ஹெட்போன், கையில நீளக் கம்பி, நுனியில வட்டம். வாய்க்கால் மதகுல உக்காந்திருந்தவங்க நாலு பேரு எந்திரிச்சு நேரா என்கிட்ட வந்தாங்க. "தம்பி, மீத்தேன் எடுக்கிற கம்பெனியா?" டெல்டாவுல வயலுக்குள்ள ஒருத்தன் ஒரு கருவியைத் தூக்கிட்டு நடந்தா வேற என்ன நினைப்பாங்க? பெரியப்பா பேரைச் சொன்ன பிறகுதான் விட்டாங்க. அதுல ஒருத்தர் கடைசி வரைக்கும் நம்பல, நான் கிளம்புற வரைக்கும் கூடவே நின்னாரு. அவருக்கும் ஒரு தடவை ஹெட்போனை மாட்டி விட்டேன். "கொசு கத்துற மாதிரில்ல இருக்கு"ன்னாரு.

#7 கெண்ட்வாசி

நான் இங்கிலாந்துல, கெண்ட் பக்கம் இருக்கேன். பித்தன் சாருக்கு ஒரு சின்னப் பதில். இங்கயும் கண்டபடி தோண்ட முடியாது. நில உரிமையாளர் அனுமதி இல்லாம ராத்திரி போறவங்களைத் திருடனாத்தான் பார்க்குறாங்க. லண்டன்ல தேம்ஸ் கரையில சும்மா குனிஞ்சு தேடுறதுக்கே பெர்மிட் வேணும். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. 1997ல இருந்து ஒரு பதிவுத் திட்டம் ஓடுது. பட்டன், ஊசி, உடைஞ்ச காசு எதுவா இருந்தாலும் கொண்டு போய்க் காட்டினா எந்த வயல், எந்த மூலைன்னு குறிச்சுக்கிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. 15 லட்சத்துக்கு மேல பொருள் பதிவாயிருக்கு. சட்டப்படி புதையல்னு வர்றதுக்கு மட்டும் தனி விசாரணை. அருங்காட்சியகம் எடுத்துக்கிட்டா கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் சன்மானம் உண்டு. காட்டினா பிடுங்கிக்க மாட்டாங்கங்கிற நம்பிக்கைதான் இங்க ஆளைக் கொண்டு வந்து நிறுத்துது.

நம்ம ஊர் சம்பந்தமா ஒண்ணு சொல்லணும். எங்க கடற்கரைக்கு எதிர்ல குட்வின் மணல்திட்டுன்னு ஒண்ணு. 1809 ஜனவரியில அட்மிரல் கார்ட்னர்ங்கிற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் புயல்ல அதுல தட்டி மூழ்கிடுச்சு. உள்ள என்ன? மெட்ராஸுக்குன்னு இங்கிலாந்துல அடிச்ச 1808ஆம் வருஷத்துப் பத்துக் காசு, இருபது காசு, டன் கணக்குல செம்பு. 1980கள்ல மூழ்காளிகள் கண்டுபிடிச்சு லட்சக்கணக்குல அள்ளினாங்க. ஒரு பக்கம் கம்பெனி முத்திரை, மறுபக்கம் பாரசீக எழுத்து. இங்க பழைய சாமான் சந்தையில சில பவுண்டுக்கு ஒண்ணு வாங்கினேன். மெட்ராஸ்ல ஒரு படி அரிசி கூட வாங்காத காசு, இரநூறு வருஷம் கழிச்சு ஒரு தமிழன் பாக்கெட்டுக்கு வந்துச்சு. உங்க ஊர்ல யாராவது தேயாத, பளபளன்னு 1808 இருபது காசைக் காட்டி "வயல்ல கெடச்சுது"ன்னு வித்தா கொஞ்சம் யோசிங்க. வயல்ல கிடக்கிற அந்தக் காலக் காசு மழுங்கித்தான் இருக்கும்.

#8 அம்மன்காசு

நான் புதுக்கோட்டை. எங்க பக்கம் சந்தைத் திடல்ல தேடுறவங்களுக்கு ஆசையே அம்மன் காசு மேலதான். சுண்டுவிரல் நகம் அளவு செம்பு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உக்காந்திருப்பா, மறுபக்கம் தெலுங்குல "விஜய"ன்னு எழுதியிருக்கும். தொண்டைமான் ராஜாங்கத்துல நவராத்திரிக்கு அரிசியோட சேர்த்துக் கொடுத்த காசு இது. சமஸ்தானம் இந்தியாவோட சேருற 1948 வரைக்கும் புழங்குச்சு. அரைக்காசு அம்மன்னு பேர் வந்ததும் இதுலதான். எங்க பாட்டி பொருள் ஏதாவது தொலைஞ்சா அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வச்சு வேண்டிக்குவா. மிஷின் இல்லாமலே பாதி கிடைச்சுடும்!

தம்பி, காசு கிடைச்சா தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க. நான் பண்ணினேன். பாட்டி வெத்தலைப் பெட்டியில இருந்த பதினஞ்சு காசு. கறுத்துப் போயிருக்கேன்னு குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டு ஒரு மணி நேரம். மோதிரம் மாதிரி மின்னுச்சு. சந்தோஷமா ஒரு சேகரிப்பாளர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் லென்ஸ்ல பார்த்துட்டு ஒரு நிமிஷம் பேசல. அம்மன் மூக்கு, கை, கீழே இருந்த பீடம் எல்லாம் வழிச்சுப் போயிருந்துச்சு. "செம்பு விலைக்கு வேணா எடுத்துக்கிறேம்மா"ன்னாரு.

#9 களிம்பு

அக்கா சொன்னதைப் பொன் எழுத்துல எழுதி வைங்க. என் பேரே அதுக்குத்தான். கரும்பச்சையா, வழவழன்னு கெட்டியா இருக்குற களிம்பு காசுக்குத் தோல் மாதிரி. அதைத் தொடவே கூடாது. வெளிர்பச்சையா, பல்பொடி மாதிரி உதிர்ந்தா அது நோய். உப்பு உள்ள போயிருச்சுன்னு அர்த்தம், காசைத் தின்னுட்டே போகும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு தண்ணியில போட்டு, தினம் தண்ணி மாத்தி, வாரக் கணக்குல ஊற வைங்க. அப்புறம் நல்லாக் காய வச்சுத் தனித்தனிக் காகித உறையில போடுங்க, பிளாஸ்டிக் வேண்டாம். உறை மேல இடம், தேதி எழுதுங்க. பித்தன் சாருக்காகவாவது எழுதுங்க.

#10 தரங்கை

எங்க ஊர் தரங்கம்பாடி, இங்க மிஷினே வேண்டாம். வடகிழக்கு மழை முடிஞ்சு கடல் மணலை அரிச்சுட்டுப் போன மறுநாள் காலையில பசங்க கரையில குனிஞ்சு நடப்பாங்க. டேனிஷ்காரன் 1620ல கோட்டை கட்டி 1845ல வெள்ளைக்காரனுக்கு வித்துட்டுப் போற வரைக்கும் ஊர்ல அவன் காசுதான். கிரீடம், அதுக்குக் கீழ சி எழுத்து, அதுக்குள்ள 7னு இருக்கும். ஏழாம் கிறிஸ்டியான் காலத்துது. அப்பப்ப டச்சுக் கம்பெனிக் காசும் வரும், அதுல விஓசினு பின்னின எழுத்து. என் தம்பி ரொம்ப நாள் அதை வ.உ.சி. அடிச்ச காசுன்னு நம்பிட்டிருந்தான்.

கடல் மணல்ல மிஷினைக் கொண்டு வந்த ஒருத்தரைப் பார்த்தேன். உப்பு ஈரம் பட்டதும் அது பைத்தியம் புடிச்ச மாதிரி கத்துச்சு. ஒரே அலைவரிசை மிஷின் ஈரமான கடல் மணலுக்கு ஆகாது. அதோட டேன்ஸ்போர்க் கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கு, அங்க தோண்ட நினைக்கவே வேண்டாம்.

#11 புதியவன்_77

நண்பர்களே என்னிடம் 1818 கிழக்கிந்தியக் கம்பெனி ஓரணா உள்ளது. ராமர் பட்டாபிஷேகம் படம் போட்டது. அரிசியை இழுக்கிறது. எவ்வளவு போகும்? தொடர்புக்குத் தனி மடல்.

#12 களிம்பு

ஐயா, கம்பெனி ராமர் போட்டுக் காசே அடிக்கல. 1818, யூகேஎல் ஓரணான்னு எழுத்துப் போட்டு வர்றது எல்லாம் பின்னாடி யாரோ அடிச்ச பொம்மைத் தகடு. அரிசி இழுக்கிற காசுன்னு உலகத்துல எதுவும் கிடையாது. அதைச் சொல்லி இரிடியம், கோபுரக் கலசம்னு நம்பி வீட்டை வித்தவங்களை எனக்குத் தெரியும். இந்த இழையில இதுக்கு மேல வேண்டாம்.

#13 சந்தைத்தோப்பு

புது வரவு! களிம்பு ஐயா சொன்னபடி எங்க அப்பாயியை ஆட்டோவுல தோப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். 84 வயசு. இறங்கினதும் குச்சியை நீட்டி வரைபடம் போட ஆரம்பிச்சிடுச்சு. "இந்த இலுப்பைக்கு மேற்க கருவாட்டுக்காரி. இது வளையல் செட்டியார். லாடம் அடிக்கிறவன் வாய்க்கா ஓரத்துல, மாட்டைச் சாய்க்கத் தோதா மணலா இருக்கும். தரகனுங்க அந்தப் பக்கம், துண்டைப் போட்டு மூடிக்கிட்டு விரலைப் புடிச்சு வெலை பேசுவானுங்க." நான் மூணு வாரமா தேடினது தரகர் பக்கம். அங்க காசு எங்க விழும், எல்லாம் மடியில முடிஞ்ச நோட்டு.

அப்புறம் அப்பாயி ஒரு மேட்டைக் காட்டுச்சு. பனங்கிழங்கு, சவ்வுமிட்டாய் விக்கிற இடமாம். "பத்து வயசுல இங்கதான் ஒரு காலணாவைத் தவற விட்டுட்டு வந்தேன். எங்கப்பன் புளிய விளாரால பின்னி எடுத்துட்டான்"னுச்சு. சின்னக் காயில், எதையும் அடைக்காம, மெதுவா. ரெண்டு மணி நேரத்துல 1944 ஓட்டைக் காலணா ரெண்டு, ஓரணா ஒண்ணு (ஐயா சொன்ன மாதிரியே ஜிகினாத்தாள் நம்பர்ல!), 1862 விக்டோரியா காலணா ஒண்ணு. விக்டோரியாவைத் தோண்டினப்ப மண்கட்டியில ராணியம்மா தலை அச்சு அப்படியே பதிஞ்சிருந்துச்சு. காசை எடுக்க மனசே வரல, கொஞ்ச நேரம் பார்த்துட்டே உக்காந்திருந்தேன்.

#14 கெண்ட்வாசி

அடிச்சீங்க! பிள்ளைங்க கையில காசு இருந்த இடம். இங்கயும் அதேதான், பழைய பள்ளிக்கூட வேலி ஓரத்துலதான் பென்னி கிடைக்கும்.

#15 சந்தைத்தோப்பு

இப்ப ஒரு சிக்கல். ஆசை விடல, சித்தப்பா வயல்லயும் ஒரு சுத்து நடந்தேன். வரப்பு ஓரத்துல நல்ல சத்தம். ஒரு முழ அகலத்துக்குள்ள ஏழு செம்புக் காசு. ஒரு பக்கம் ஒரு ஆள் நிக்கிறான், மறுபக்கம் உக்காந்திருக்கான், அவன் கை ஓரமா ஏதோ எழுத்து. படம் பார்த்துத் தேடினா ராஜராஜன் காசுன்னு வருது. கை நடுங்குது. என்ன பண்ண?

#16 வெட்டி_ஆபீசர்

வாயை மூடிட்டு வச்சிக்குங்க தல. முதல் வாழ்த்து சொன்னவனை மறக்காதீங்க.

#17 கல்வெட்டுப்பித்தன்

விளையாட்டு போதும். அந்த எழுத்து நாகரியில "ஸ்ரீ ராஜராஜ". காசு அபூர்வம் கிடையாது, சோழநாட்டுலயும் ஈழத்துலயும் ஏராளமாக் கிடைச்சிருக்கு. ஆனா ஏழும் ஒரே இடத்துல இருந்தது முக்கியம். அதே குழியில பானை ஓடு இருந்துச்சா? மண் என்ன நிறம்? மேல தோண்டாதீங்க. தோண்டின குழியை ஒரு அளவுகோல் வச்சுப் படம் எடுங்க.

#18 சந்தைத்தோப்பு

ஓடு இல்ல சார். கருப்பு வண்டல். சித்தப்பாகிட்ட கேட்டதுல இன்னொண்ணு தெரிஞ்சுது. மூணு வருஷத்துக்கு முன்னாடி கோயில் குளம் தூர்வாரினப்ப நாலு டிராக்டர் வண்டல் வாங்கி அந்த ஓரத்துல கொட்டினாராம்.

#19 கல்வெட்டுப்பித்தன்

அப்ப அது வயல் காசே இல்ல, குளத்துக் காசு. பார்த்தீங்களா? மண்ணு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்காம இருந்திருந்தா நாளைக்கு ஒருத்தர் "சித்தப்பா வயல்ல சோழர் குடியிருப்பு"ன்னு கட்டுரை எழுதியிருப்பார். ஒப்புக்கிறேன், இதைக் கேட்டுச் சொன்னது நீங்க. ஜேசிபி அள்ளினப்ப யாரும் கேட்கல. மத்த வண்டல் யார் யார் வயலுக்குப் போச்சுன்னும் கேட்டு எழுதி வைங்க.

#20 களிம்பு

தம்பி, காசை எழுதிக் கொடுத்துடுங்க. புதைச்சு வச்சதா, தவறி விழுந்ததான்னு நீங்க தீர்மானிக்க வேண்டாம். வி.ஏ.ஓ., தாசில்தார் வழியா ஆட்சியருக்கு மனு. எங்க, எப்ப, எத்தனைன்னு எழுதி, எடை போட்டு, ரெண்டு பக்கமும் படம் எடுத்து, ஒரு நகல்ல சீல் வாங்கிக்குங்க. சட்டப்படி சொந்தக்காரர் யாரும் வரலைன்னு ஆகி அரசாங்கமும் எடுத்துக்காம விட்டா, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. எடுத்துக்கிட்டா உலோக மதிப்போட அஞ்சுல ஒரு பங்கு கூட்டித் தரணும். ஏழு செம்புக் காசுக்கு உலோக மதிப்பு என்ன வரும்னு கேட்காதீங்க, பஸ் செலவுக்கு ஆகாது.

#21 சந்தைத்தோப்பு

கொடுத்துட்டேன். அலுவலகத்துல ஒருத்தர் உறையைப் பிரிச்சுப் பார்த்துட்டு "தங்கமா?"ன்னாரு. "செம்பு சார்." "செம்புக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" மனுவை யார் வாங்குறதுன்னு மூணு மேஜை அலைஞ்சேன். ஒரு மேஜையில சாப்பாட்டு நேரம், இன்னொண்ணுல இது எங்க பிரிவு இல்ல. மூணாவது மேஜையில இருந்த அம்மா மட்டும் கண்ணாடியைப் போட்டு நிதானமாப் பார்த்துட்டு, "இவர்தான் பெரிய கோயில் கட்டினவரா?"ன்னு கேட்டு, ஏழையும் எண்ணி, சீல் போட்டுக் கொடுத்தாங்க. சித்தப்பாவுக்குத்தான் கோபம், ரெண்டு நாளா பேசல.

#22 அம்மன்காசு

நல்ல காரியம் தம்பி. சித்தப்பா தானா சரியாயிடுவாரு. அப்பாயி என்ன சொல்லுது?

#23 சந்தைத்தோப்பு

சோழர் காசைப் பத்தி அப்பாயிக்கு அக்கறையே இல்லக்கா. ஓட்டைக் காலணா ரெண்டையும் உள்ளங்கையில வச்சுப் பார்த்துட்டே இருந்துச்சு. சண்டைக் காலத்துல செம்பு மிச்சம் பிடிக்க ஓட்டை போட்டாங்கன்னு நான் படிச்சதைச் சொன்னா, "அதெல்லாம் இல்ல, கயிறு கோக்கத்தான்"னுச்சு. ஒண்ணை எங்க அக்கா பையனுக்கு அரைஞாண் கயிறுல கோத்துக் கட்டி விட்டுடுச்சு. இன்னொண்ணை என்கிட்டயே திருப்பிக் கொடுத்துச்சு.

"நான் தொலைச்சது ஓட்டை இல்லாதது. வர்ற ஞாயித்துக்கெழமை அந்த மேட்டுக்குக் கொஞ்சம் கெழக்க பாரு."